நிரப்பு மாவு

கடைத்தெருவில் அவனுக்குப் பெயர் பாதி. எந்தச் சரக்குக்கு என்ன விலை சொன்னாலும், சொன்ன வாய் மூடுவதற்குள் "பாதிக்குப் பேசுங்க" என்பான். பல் பிடுங்கப் போன இடத்தில், வாய்க்குள் டாக்டரின் கை இருக்கும்போதே விரலால் பாதி என்று சைகை காட்டினான் என்று ஒரு கதை உலவியது. கதை பொய்தான். ஆனால் அதை அவன் ஒரு நாளும் மறுத்ததில்லை. வியாபாரிக்கு இப்படியொரு பெயர் கிடைப்பது, செலவில்லாமல் வாசலில் பலகை மாட்டியது மாதிரி.

அவன் செய்தது பொடி வியாபாரம். உடம்பு தேற, எலும்பு உரம் பெற, சதை போட, போட்ட சதை குறைய என்று விதவிதமான பொடிகளை டப்பாவில் அடைத்து மருந்துக்கடைகளுக்குப் போடுவான். அவன் கடையில் சதை போடுகிற டப்பாவும் சதை குறைக்கிற டப்பாவும் ஒரே அலமாரியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கியே, உனக்கே சிரிப்பு வரலையா?" என்று யாராவது கேட்டால், "வாங்கறவங்க வேற வேற ஆளுங்க. நான் எதுக்குச் சிரிக்கணும்?" என்பான்.

அந்த அலமாரியில் புரோபயாட்டிக் பொடிக்கு இடம் கிடைத்தது அவன் அக்காவால்.

அக்கா தையல்காரி. கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பழுதான ஜிப்பை மாற்றுவது என்று வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊரார் இடுப்பையெல்லாம் பிடித்தும் தளர்த்தியும் கொடுத்தவளுக்குத் தன் வயிறு மட்டும் பிடிபடவில்லை. காலையில் தட்டையாக இருக்கும் வயிறு மாலையில் பானை மாதிரி உப்பும். சாப்பிட்டது தங்காது. எடை இறங்கிக்கொண்டே வந்தது. வாயு என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள், வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை என்றுகூட ஒரு சொந்தக்காரி சொல்லிவிட்டுப் போனாள். வருஷக்கணக்கில் இழுத்தடித்த பிறகு ஒரு குடல் டாக்டர்தான் பெயரைச் சொன்னார்: சீலியாக். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பு அதை எதிரி என்று எண்ணிக்கொண்டு சொந்தக் குடலையே போட்டு அடிக்கும். இதற்கென்று மருந்து கிடையாது. ஆயுசுக்கும் கோதுமையைத் தொடக்கூடாது, ஒரு துணுக்குகூட.

இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தான் ரொட்டி சுடுகிறவர். பேக்கரியில் மாவைப் பிசைந்து, பொங்கவைத்து, அடுப்பில் ஏற்றி இறக்குவது அவர் பாடு. அவர் கொண்டுவந்த சம்பளத்தில் முக்கால்வாசி, கோதுமை பண்ணிய வேலைக்கு வைத்தியம் பார்க்கவே போய்க்கொண்டிருந்திருக்கிறது. விஷயம் தெரிந்த நாளிலிருந்து மனுஷன் பேக்கரியிலேயே தலைக்குக் குளித்து, உடுப்பை மாற்றி, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைத்தார். "உங்கக்காவுக்கு என் தொழிலே ஒத்துக்கல மாப்ளே. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா குழாய் ரிப்பேர் கத்துக்கிட்டிருப்பேன்," என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். பெரிய உடம்பு, சிரித்தால் நாற்காலியும் சேர்ந்து சிரிக்கும்.

கோதுமையை நிறுத்தியதும் அக்கா தேறினாள். ஆனால் முழுசாக இல்லை, உப்பசம் விட்டபாடில்லை. அடுத்த தடவை போனபோது டாக்டர் சொன்னார்: "குடல்ல ஏகப்பட்ட பாக்டீரியா குடியிருக்கு. நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. இந்த நோய் இருக்கறவங்கள்ல நிறையப் பேருக்கு அந்தச் சமநிலை கலைஞ்சு கிடக்கறதைப் பாத்திருக்காங்க. நல்ல பாக்டீரியாவை உள்ள அனுப்பற புரோபயாட்டிக் பொடி எடுத்தா சிலருக்கு உப்பசம் குறையுது, சிலருக்கு ஒண்ணும் தெரியறதில்ல. அடிச்சுச் சொல்ற அளவுக்கு ஆராய்ச்சி இன்னும் வரல. வேணும்னா எடுத்துப் பாருங்க. ஆனா கோதுமை கலக்காததா பாத்து வாங்குங்க."

கூடப் போயிருந்த பாதியின் காதில் "எடுத்துப் பாருங்க" மட்டும் தங்கியது. குடல் என்பது அவனுக்குச் சட்டென்று விளங்குகிற இடமாகிவிட்டது. அதுவும் ஒரு கடைத்தெருதான். நல்லவன் கடை போடாவிட்டால் அந்த இடத்தில் கெட்டவன் கடை போடுவான். நாணயமான ஆளாகப் பார்த்து நாலு பேரை உள்ளே அனுப்பினால் தெரு தானாகச் சீர்ப்படும்.

"நீ கவலைப்படாதக்கா. உன் வயித்துக்குள்ள நான் ஒரு மார்க்கெட்டே கட்டித் தரேன்."

"கட்டு, கட்டு. வாடகை கேட்டு வந்துடாத," என்றாள் அக்கா.

பொடி கலந்து கொடுக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்தான். கலவைக்காரர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். உலர்த்திய பாக்டீரியா ஒரு டப்பாவில் ஒரு சிட்டிகைகூட வராது. அதைத் தனியாகக் கொடுத்தால் கண்ணுக்கும் தெரியாது, கரண்டிக்கும் அகப்படாது. அதனால் டப்பாவை நிறைப்பதற்கு ஒரு மாவு சேர்ப்பார்கள். நிரப்பு மாவு என்று அதற்குப் பெயர். முதல் சரக்கில் சோள மாவுச்சத்து. பாதி அதைத் தன் வாயாலேயே கேட்டு, "கோதுமை வேண்டாம், எங்கக்காவுக்கு ஆகாது" என்று சொல்லித்தான் வாங்கினான். டப்பாவில் ஒட்ட "கோதுமை அறவே இல்லை" என்று லேபிள் அடித்தான். லேபிளைக் கொஞ்சமாக அடித்தால் கையைக் கடிக்கும், நிறைய அடித்தால் மலிவு. எனவே ஒரு மூட்டை அடித்து வைத்துக்கொண்டான்.

அக்கா தினமும் ஒரு கரண்டி கலக்கிக் குடித்தாள். உப்பசம் குறைந்தது. "பொடியாலயும் இருக்கலாம், கோதுமையை நிறுத்தி நாளானதாலயும் இருக்கலாம்" என்றார் டாக்டர். பாதிக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. மருந்துக்கடைக்காரர்களிடம் "எங்கக்காவே குடிக்கறா" என்று சொல்லியே டப்பாக்களைத் தள்ளினான். கோதுமை ஆகாதவர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள் என்று கடைக்காரர்கள் சொன்னபோது, தர்மமும் லாபமும் ஒரே டப்பாவில் அடைபட்டிருக்கிற மாதிரி அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இரண்டாவது சரக்குக்குப் போனபோதுதான் அந்தப் பேரம்.

கலவைக்காரர் பழைய விலையைச் சொன்னார். இவன் வழக்கம்போல் ஆரம்பித்தான். எழுந்து வாசல்வரை போனான், திரும்பி வந்தான், டீ வேண்டாம் என்றான், பிறகு குடித்தான். கடைசியில் கலவைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"நீங்க சொல்ற விலைக்குன்னா நிரப்பு மாவை மாத்தணும் சார். இல்லன்னா எனக்குக் கட்டாது."

பேரத்தில் பாதிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எதிராளி சொல்கிற காரணத்துக்குள் தலையைக் கொடுக்கக்கூடாது. டீசல் ஏறிவிட்டது, ஆள் வரவில்லை, மெஷின் படுத்துவிட்டது என்பதெல்லாம் விலையை நிறுத்துவதற்கு வைக்கிற ஒப்பாரி. அதில் ஒன்றைப் பிடித்து "ஏன், என்ன ஆச்சு" என்று கேட்டால் அடுத்த நிமிஷம் நாமும் சேர்ந்து அழவேண்டியிருக்கும். காரணம் எதிராளியின் சொத்து. விலைதான் நம் சொத்து.

"கிருமி அதேதானே?"

"அதே கிருமி, அதே அளவு."

"அப்புறம் என்ன? மாத்துங்க."

எதை எதாக மாற்றுவது என்று கேட்கவில்லை. கலவைக்காரரும் சொல்லவில்லை; கேட்காத சரக்கை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. பாதி வெளியே வந்தபோது சீட்டியடித்துக்கொண்டு வந்தான். புதுச் சரக்கு வந்தது. மூட்டையில் இருந்த லேபிள் ஒட்டப்பட்டது. முதல் டப்பா அக்காவுக்குப் போனது, இலவசமாக.

அதற்குப் பிறகு அக்கா மறுபடி சரியத் தொடங்கினாள். வயிறு உப்பியது. மெஷினில் உட்கார்ந்தவள் பாதித் தையலில் எழுந்து கழிப்பறைக்கு ஓடினாள். முடி கொத்தாக வந்தது. வயிறு சரியில்லை என்பதால் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாகப் பொடியைக் கலக்கிக் குடித்தாள். அதைச் சொன்னபோது பாதி, "நல்லது. குடி" என்றிருந்தான்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில், கோதுமைக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பின் அளவு, கீழே இறங்கிக்கொண்டிருந்தது, தாவி மேலே ஏறியிருந்தது. டாக்டர் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"எங்கேயோ கோதுமை உள்ள போகுதும்மா."

"நான் தொடறதே இல்ல டாக்டர். சத்தியமா தொடறதில்ல."

"தெரியாமத்தான் போகும். சாப்பாடு தவிர வேற என்ன எடுத்துக்கறீங்க?"

"இவன் குடுக்கற பொடி மட்டும்தான். உங்களுக்குத் தெரியுமே."

டாக்டர் பாதியின் பக்கம் திரும்பினார். "அதுல கோதுமை இல்லையே?"

"அறவே இல்ல டாக்டர். லேபிள்லயே போட்டிருக்கு," என்றான் பாதி. வாடிக்கையாளருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். யோசனை செருப்பைத் தேடிக்கொண்டிருக்கையில் வாய் வாசலைத் தாண்டிவிட்டது. அதோடு நின்றிருக்கலாம். வியாபாரிக்கு ஒரு சந்தேகத்தை மூடினால் போதாது, வாங்குபவரின் கவனத்தை வேறு பக்கம் திருப்பினால்தான் திருப்தி. "எங்கத்தான் பேக்கரியில இருக்காரு டாக்டர். அதையும் கொஞ்சம் பாருங்க."

அத்தான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"மாவு காத்துல பறக்கும், தலையில காதுல ஒட்டும்," என்று டாக்டர் யோசித்தார். "குளிச்சுட்டு வந்தா அவ்வளவு பாதிக்காதுன்னுதான் நினைச்சேன். ஆனா வேற வழியும் தெரியலையே."

அத்தான் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். 

வெளியே வராண்டாவில் அக்கா சத்து மாத்திரை வாங்க வரிசையில் நிற்க, பாதி சுவரோரம் நின்றான். எதிரே ஒரு பெண் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பி, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு இரண்டாவது சரக்கின் பேரம் நினைவுக்கு வந்தது. கலவைக்காரர் தலையைச் சொறிந்ததும், மாவை மாற்றணும் என்றதும். போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனான்.

"அந்த ரெண்டாவது சரக்கு. நிரப்பு மாவு என்ன போட்டீங்க?"

"கோதுமை மாவுச்சத்துதான் சார். அதுதான் இப்ப மலிவு."

"கோதுமை வேண்டாம்னு நான் முதல்லயே சொன்னேன்ல?"

"முதல் சரக்குக்குச் சொன்னீங்க. சோளம் போட்டேன். இந்தத் தடவை மாத்துங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. எதா மாத்தறதுன்னு நீங்க கேக்கல, உங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு நினைச்சேன்."

கலவைக்காரர் மேல் கத்தலாம் என்று வாயைத் திறந்தான். கத்துவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. போனை வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் அவன் செய்தது, மாட்டிக்கொண்ட எந்த வியாபாரியும் செய்வது: சத்தமில்லாமல் சரக்கை மாற்றினான். மருந்துக்கடைக்குப் போய் வேறொரு கம்பெனி பொடியை வாங்கினான். சொன்ன விலையை அப்படியே கொடுத்தான், கடைக்காரர் இவன் முகத்தைப் பார்த்துவிட்டு "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார். அக்கா முன்னறையில் தைத்துக்கொண்டிருக்க, சமையலறையில் அவள் டப்பாவைக் காலி செய்து, கழுவித் துடைத்து, புதுப் பொடியைக் கொட்டி மூடினான். இனி அவளுக்குச் சரியாகிவிடும். யாருக்கும் தெரியவேண்டியதில்லை. ஒரு நிமிஷம் நெஞ்சுக்குள் காற்று வந்தது.

அந்தக் காற்றை அத்தான்தான் பிடுங்கினார். இரண்டு நாள் கழித்துக் கடைக்கே வந்தார். வழக்கமாக உள்ளே வரும்போதே "என்ன மாப்ளே, இன்னிக்கு யார் தலையில கட்டின?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர், அன்று கதவருகே நின்றார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். மண்டை வெள்ளையாகத் தெரிந்தது.

"என்னத்தான் இது?"

"முடியில மாவு நிக்குதோன்னு ஒரு சந்தேகம். எடுத்துட்டேன்." தலையைத் தடவிக்கொண்டார். "முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன் மாப்ளே. இந்த வாரத்தோட சரி."

"எது சரி?"

"வேலைதான். உங்கக்கா அரைச் சோறு சாப்பிட்டுட்டு உருண்டுகிட்டு இருக்கா. நான் அங்க ரொட்டி பொங்கறதைப் பாத்துகிட்டு நின்னா நல்லாவா இருக்கு?" கொஞ்ச நேரம் அலமாரியில் இருந்த டப்பாக்களைப் பார்த்தார். "எனக்கு வேற தொழில் தெரியாது. உன் குடோன்ல ஏதாவது இருந்தா பாரேன். மூட்டை தூக்கறேன். வெக்கமெல்லாம் இல்ல."

 "பாக்கறேன் அத்தான்" என்றான் பாதி. அந்த ஒரு சொல்லுக்காக அவன் பிறகு பட்டபாடு கொஞ்சமில்லை.

அத்தான் போன பிறகுதான் கணக்கு முழுசாக விளங்கியது. பொடியை அவன் மாற்றியாகிவிட்டது. இனி அக்காவுக்குத் தேறும். அத்தான் வேலையை விட்ட அதே நேரத்தில் தேறும். டாக்டர் தலையாட்டுவார். சொந்தக்காரர்கள் "பாத்தீங்களா, அப்பவே நினைச்சோம்" என்பார்கள். அத்தானே நம்புவார்: இத்தனை வருஷம் பெண்டாட்டிக்கு விஷம் வைத்தது தன் கைதான் என்று. அக்காவின் வயிறு ஆற ஆற, அந்த மனுஷன் மேல் குற்றம் உறுதியாகிக்கொண்டே போகும். இவன் செய்த ரிப்பேர் அவருக்கு எழுதிய தீர்ப்பு.

கடையில் உட்காரப் பிடிக்கவில்லை. சதை போடுகிற டப்பாவைக் கேட்டவருக்குக் குறைக்கிற டப்பாவைக் கொடுத்தான். சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்தான். "மாட்டிக்கொள்ளாத தப்பு தப்பே இல்லை" என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். மாட்டிக்கொள்ளாததே இப்படிக் குடையும் என்பது தெரிந்திருக்கவில்லை.

வாரக் கடைசியில், மதியச் சூட்டில், பேக்கரியின் பின்வாசலுக்குப் போனான். உள்ளே அனல். நீளமான மேசையில் அத்தான் மாவை மடித்து, திருப்பி, உள்ளங்கையால் தள்ளி, மறுபடி மடித்தார். கடைசி நாள் என்பதற்காக அவசரப்படவில்லை. தட்டித் தட்டிக் குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி மாவைத் தட்டினார்.

"கிட்ட வராத. உன் சட்டையில ஒட்டிச்சுன்னா நீயும் வீட்டுக்குப் போக முடியாது," என்றார்.

"அத்தான், ஒரு விஷயம். அக்கா வயித்துக்குள்ள கோதுமை உங்களால போகல."

கை நின்றது.

"என் பொடியிலதான் இருந்திருக்கு. அந்தக் கலவைக்காரர் நிரப்பு மாவை மாத்திட்டாரு. கோதுமையைப் போட்டிருக்காரு."

அத்தானின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சிவப்பு ஏறியது. இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து மேசையில் எறிந்தார். "எங்க இருக்கான் அவன்? வா, போகலாம். சட்டையைப் பிடிச்சு நாலு வார்த்தை கேட்டுட்டு வருவோம். அக்காவுக்குன்னு நீ ஓடி ஓடி வாங்கிக் குடுத்ததுல கலப்படம் பண்ணியிருக்கானே." மாவு அப்பிய கையை இவன் தோளில் வைத்தார். "உன்னையே ஏமாத்திட்டானே மாப்ளே. பாவம்டா நீ."

அவர் திட்டியிருந்தால் பாதி தாங்கியிருப்பான். ஓர் அறை விட்டிருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டு போயிருப்பான். "பாவம்டா நீ" என்பதைத்தான் தாங்க முடியவில்லை. தோளில் கை கனத்தது.

"அவர் ஏமாத்தல அத்தான். விலை கட்டாது, மாவை மாத்தணும்னு சொன்னாரு. நான்தான் மாத்துங்கன்னேன். எதுவா மாத்தறீங்கன்னு கேக்கல. பழைய லேபிளையே ஒட்டினேன்."

தோளிலிருந்து கை இறங்கியது. அடுப்புக்குள் ஏதோ விறகு முறிந்த சத்தம் கேட்டது.

"உனக்கு எப்ப தெரியும்?"

"அன்னிக்கே. ஆஸ்பத்திரி வராண்டாவுல."

"அதுக்கப்புறம்தான் நான் உன் கடைக்கு வந்தேன்."

"ஆமா."

"வேலை கேட்டேன்."

"ஆமா."

"பாக்கறேன்னு சொன்ன."

பாதி தலையைக் குனிந்துகொண்டான்.  அத்தான் ஏப்ரனை எடுத்துத் தட்டி மறுபடி கட்டிக்கொண்டார். "உங்கக்காகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்," என்றார். "நான் முதலாளிகிட்டப் போய் வேலையைத் திருப்பிக் கேக்கணும். என் இடத்துக்கு ஆள் வச்சுட்டாரான்னு தெரியல." மாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு மேல் பேச அவர் முதுகில் இடமில்லை.

அக்கா ஒரு கால்சட்டையின் மடிப்பை அளந்துகொண்டிருந்தாள். உதடுகளுக்கு நடுவே குண்டூசிகள். பாதி வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்: பேரம், மாவு, லேபிள், டாக்டரிடம் யோசிக்காமல் அடித்துச் சொன்ன பதில், சமையலறையில் டப்பாவை மாற்றியது, அத்தானிடம் "பாக்கறேன்" என்றது. வாயில் ஊசி இருந்ததால் அவளால் குறுக்கே பேச முடியவில்லை. அவன் முடித்ததும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுப் பொதியில் குத்தினாள். அதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் அவனுக்கு ஆயுள் தண்டனை மாதிரி இருந்தது.

"அவரை ஹால்ல படுக்க வச்சேன்," என்றாள். குரல் உயரவில்லை. "தினமும் உள்ள வரும்போது தலையை மோந்து பாத்தேன்டா. நாய் மாதிரி. அவர் குனிஞ்சு காட்டினாரு."

"அக்கா..."

"இரு. வலிக்குது, ரெண்டு கரண்டியா குடிக்கறேன்னு உன்கிட்டச் சொன்னப்ப, நல்லது, குடின்னு சொன்ன."

"அப்ப எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாது. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்." கால்சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். "சரி, இதைச் சொல்லு. என்னை மாதிரி வேற எத்தனை பேர் குடிக்கறாங்க?"

அவனுக்கு விழித்துக்கொண்ட மாதிரி இருந்தது. இத்தனை நாள் அவன் மனசு அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கோதுமை ஆகாதவர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டானே, அவர்களை அவன் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. எங்கேயோ ஒரு வீட்டில், வேறொரு பெண்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கரண்டி கலக்கிக்கொண்டிருப்பாள். அவள் வீட்டிலும் யாராவது ஒருவர் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டிருப்பார்.

"தெரியலக்கா. கடைகளுக்குப் போட்டது தெரியும். வாங்கினவங்க யாருன்னு தெரியாது."

"கடைக்காரங்களுக்குத் தெரியும்ல? காலையில வா. நானும் வரேன்."

"நீ எதுக்கு? உனக்கு உடம்பு..."

"நீ தனியாப் போனா திரும்பவும் வித்துட்டு வருவ."

அது கேலியா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாள் காலையில் அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினான். முதல் கடைக்காரர் டப்பாக்களைத் திருப்பிக் கேட்டதும் கண்ணைச் சுருக்கினார். "என்ன பாதி, விலை ஏறப்போகுதா? பதுக்கப் போறியா?" கோதுமை கலந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தான். "இதைவிட நல்ல கதையாச் சொல்லு" என்றார் அவர். அக்கா கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"கதை இல்லைங்க. இதைக் குடிச்சவ நான்தான். என் மூஞ்சியைப் பாத்தா தெரியலையா?"

கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். கன்ன எலும்பைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் டப்பாக்களை எடுத்து வைத்தார். வாங்கிப்போனவர்களில் தெரிந்தவர்களுக்கு, அக்கா தம்பி இருவர் எதிரிலேயும் போன் போட்டார். ஒரு அம்மாளின் குரல் போனில் கேட்டது: "அதான் என் பையனுக்கு மறுபடி ஆரம்பிச்சுதா? அவன் பள்ளிக்கூடத்துல திருட்டுத்தனமா பன் தின்னிருக்கான்னு நான் அவனை அடிச்சேனே." கடைக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஆனாலும் பாதிக்கு முழுசாகக் கேட்டது.

அடுத்த தெருவுக்குப் போகும் வழியில் அவன் தலையைத் திருப்பாமல் கேட்டான். "என் மேல கோபமா இருக்கியாக்கா?"

"ஆமா."

"எப்ப போகும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? ரத்தத்துல ஏறின அந்த அளவு இறங்கவே மாசக்கணக்காகும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. முதல்ல அது இறங்கட்டும்." கொஞ்ச தூரம் போனதும் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பற்றினாள். பிடி இறுகியது. "வேகமாப் போ. அந்தக் கடையில பாத்ரூம் இருக்குமா?"

"இருக்கும்."

"பெரிய கடையா? அவங்க விடுவாங்களா?"

"நான் கேக்கறேன்."

ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் அவள் இறங்கிவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, மேல் துணியால் வயிற்றைச் சுற்றி இறுக்கியபடி படியேறினாள். பாதி முந்திக்கொண்டு ஓடி, கவுண்டரில் இருந்தவரிடம் டப்பாவைப் பற்றிப் பேசாமல், "எங்கக்கா உங்க பாத்ரூமை ஒரு நிமிஷம் உபயோகிக்கணும், தயவு பண்ணுங்க" என்று கும்பிட்டான். அவர் உள்ளே கை காட்டினார். அக்கா கைப்பையை இவன் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

மூடிய கதவுக்கு வெளியே, பெண்பிள்ளையின் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே அவள் முனகியது கேட்டது. குழாயைத் திறந்துவிட்டாள், சத்தம் வெளியே வராமல் இருக்க. அப்படியும் வந்தது.

கடைக்காரர் கவுண்டரிலிருந்து எழுந்து வந்தார். "என்ன பாதி, அக்காவுக்கு என்ன ஆச்சு?"

பாதி அவரைப் பார்த்தான். "ரெண்டாவது சரக்குக்கு நான் பேரம் பேசப் போனேன்," என்று ஆரம்பித்தான்.